லினக்ஸ் கைக்கு வர: வேண்டுமென்றே உடைத்துப் பழகுவது எப்படி?

கேள்வியின் சாரம் இது: கமாண்டுகள் தெரியும், வீடியோக்கள் நிறையப் பார்த்தாயிற்று, ஆனாலும் லினக்ஸ் சர்வரில் ஒரு கோளாறு வந்தால் எங்கே கைவைப்பது என்று தெரியாமல் திணறல், என்ன ப்ராஜெக்ட் செய்தால் இது போகும்?

திணறலுக்குக் காரணம் கமாண்டுகள் போதாதது அல்ல. பாடங்கள் காரணத்திலிருந்து தொடங்குகின்றன: "டிஸ்க் நிறைந்தால் இதை அடியுங்கள்." நிஜத்தில் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று யாரும் வந்து சொல்வதில்லை. வெப்சைட் லாகின் ஆக மறுக்கும், டேட்டாபேஸ் நின்றுபோகும், டேப் கீயை அழுத்தினால் பாஷ் ஏதோ தற்காலிக ஃபைலை உருவாக்க முடியவில்லை என்று முனகும். கையில் இருப்பது அறிகுறி மட்டும். ஆகவே பழக வேண்டியது தலைகீழ்ப் பாதை. காரணத்தை நீங்களே உண்டாக்கி, அது வெளியே என்ன முகத்தோடு தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இருபது முப்பது கோளாறுகளை இப்படி உண்டாக்கிப் பார்த்தவருக்கு, அடுத்த முறை அறிகுறியைப் பார்த்ததும் இரண்டு மூன்று காரணங்கள் தாமாகவே மனதில் வரும்.

கீழே கமாண்டுகளை வாயில் சொல்கிறபடி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உடைப்பதற்கு ஓர் இடம். விர்ச்சுவல்பாக்ஸோ கேவிஎம்மோ, கைவசம் இருப்பதில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) போடுங்கள். டெபியன் அல்லது உபுண்டு சர்வர், டெஸ்க்டாப் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் 2 சிபியு, 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க் தாராளம். முதல் மெஷினுக்கு மட்டும் 2 ஜிபி அளவில் இரண்டு வெற்று டிஸ்க் கூடுதலாகச் சேர்த்துவையுங்கள். நெட்வொர்க் அடாப்டர் இரண்டு: வெளியே போக ஒரு நேட், மெஷின்கள் ஒன்றையொன்று பார்க்க ஒரு ஹோஸ்ட்-ஒன்லி. இன்ஸ்டால், அப்டேட் முடிந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) வேலை செய்வதைப் பார்த்ததும், ஷட்டவுன் செய்துவிட்டு ஸ்நாப்ஷாட் (திரும்பிப் போகக்கூடிய நிலைப்பதிவு) எடுங்கள். ஓடும்போது எடுத்தால் ரேமில் இருப்பதும் சேர்ந்து பதிவாகி ஃபைல் பெரிதாகிவிடும். அன்றாட வேலையை எஸ்எஸ்எச் வழியாகவே செய்யுங்கள். நெட்வொர்க்கை நீங்களே அறுத்துவிட்ட பிறகு உள்ளே நுழைய மெஷினின் கன்சோல் ஜன்னல் இருக்கிறது.

ஆர்ச், ஜென்டூ போட்டால்தான் லினக்ஸ் வரும் என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அங்கே உங்கள் பொறுமை முழுக்க இன்ஸ்டாலிலேயே கரைந்துவிடும். ஒழுங்காக ஓடுகிற ஒன்றை எடுத்து, ஒரே ஒரு இடத்தில் உடைத்தால்தான் எது எதனால் என்பது தெளிவாகத் தெரியும்.

ஒவ்வொரு முறையும் எதையும் திருத்துவதற்கு முன் மூன்று வரி எழுதுங்கள்: என்ன தெரிகிறது, எதனால் என்று நினைக்கிறேன், அது உண்மையா என்று எதை வைத்துப் பார்ப்பேன். மூன்றாவது வரி எழுத வரவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது ஊகம்கூட இல்லை, வெறும் பதற்றம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பலன் இல்லையென்றால் அதைப் பழையபடி ஆக்கிவிட்டு அடுத்தது. ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்து சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்றும் தெரியாது, மற்ற நான்கும் பின்னால் என்ன செய்யும் என்றும் தெரியாது.

முதல் உடைப்பு, மெஷின் பூட் ஆகி எழுந்து வருவதில். எந்த டிஸ்க் எந்த டைரக்டரியில் மவுண்ட் ஆக (இணைய) வேண்டும் என்ற பட்டியல் /இடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலில் இருக்கிறது. அதில், இல்லாத ஒரு யுயுஐடியை, அதாவது டிஸ்கின் அடையாள எண்ணைப் போட்டு /டேட்டா என்ற இடத்தில் மவுண்ட் ஆகும்படி ஒரு வரி சேருங்கள். ரீபூட் செய்யுங்கள். திரையில் ஒரு ஸ்டார்ட் ஜாப் ஓடிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்து, நேரம் 1 நிமிடம் 30 விநாடி வரை எண்ணிக்கொண்டே போகும். அந்த 90 விநாடி, சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் இயல்பான காத்திருப்பு. அது தீர்ந்ததும் லோக்கல் ஃபைல் சிஸ்டம்கள் தோல்வி என்று சொல்லி எமர்ஜென்சி மோடில் கொண்டுபோய் நிறுத்தும். எங்கோ ஒரு உபரி டிஸ்க் இல்லாததற்கு மொத்த மெஷினும் ஏன் நிற்கிறது? எஃப்எஸ்டேப்பில் உள்ள ஒவ்வொரு மவுண்டும் கட்டாயம் என்பது அதன் இயல்பான கணக்கு. ஒன்று விழுந்தாலும் அதைச் சார்ந்த லோக்கல்-எஃப்எஸ் டார்கெட் விழுகிறது, அது விழுந்தால் எமர்ஜென்சி என்று ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ரூட்டுக்கு (முழு அதிகாரமும் உள்ள கணக்கு) பாஸ்வேர்ட் இருந்தால் அதைக் கொடுத்து உள்ளே போய் வரியைத் திருத்திவிடலாம். டெபியனில் ரூட் கணக்கு பூட்டியிருந்தால் எமர்ஜென்சி மோடும் உள்ளே விடாது. அப்போது ரீபூட் செய்து கிரப் மெனுவில் (பூட் தொடங்கும்போது வரும் தேர்வுப் பட்டியல்) இ எழுத்தை அழுத்துங்கள்; "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசியில் இனிட்=/பின்/பாஷ் என்று சேர்த்து கன்ட்ரோல்-எக்ஸ். நேராக ரூட் ஷெல் வரும். இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று: ரூட் ஃபைல் சிஸ்டம் (/ என்ற அடிப்படை டைரக்டரி இருப்பது) படிக்க மட்டுமே திறந்திருக்கும், எடிட்டர் சேமிக்க மறுக்கும். முதலில் மவுண்ட் கமாண்டில் ரீமவுண்ட்,ஆர்டபிள்யு ஆப்ஷன் கொடுத்து / ஐ எழுதத் திறக்க வேண்டும். திருத்தி முடித்ததும் சிங்க், பிறகு ரீபூட் -எஃப். அந்த எஃப் இல்லாமல் ரீபூட் ஆகாது, ஏனென்றால் அந்த வேண்டுகோளைக் கேட்க வேண்டிய சிஸ்டம்டி அங்கே ஓடவே இல்லை.

இதையே இரண்டாம் முறை, அந்த வரியில் நோஃபெயில் ஆப்ஷன் சேர்த்துச் செய்து பாருங்கள். பூட் காத்திருக்காமல் போய்விடும். நல்லதுதான், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. டிஸ்க் வராத நாளில் /டேட்டா என்பது ரூட் டிஸ்கில் உள்ள ஒரு வெற்று டைரக்டரி. அங்கே எழுதும் ப்ரோகிராமுக்கு இது தெரியாது. கூசாமல் ரூட் டிஸ்கை நிரப்பும். பிறகு யாரோ டிஸ்கை மவுண்ட் செய்வார்கள், எழுதப்பட்டதெல்லாம் அதற்கு அடியில் மறைந்துபோகும். டிஸ்கின் மொத்தக் கணக்கைக் காட்டும் டிஎஃப் நிறைந்திருக்கிறது என்று சொல்லும். ஃபைல்களின் அளவைக் கூட்டிப் பார்க்கும் டியு தேடித் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லும். ரூட்டை வேறோர் இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்து (மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி) அங்கே டியு ஓட்டினால் மறைந்தவை வெளியே வரும்.

ரீபூட்டுக்கு முன் ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை, மவுண்ட் -ஏ இரண்டையும் ஓட்டுவதை எஃப்எஸ்டேப்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

டிஸ்க் நிறைவதில் இன்னும் மூன்று ரகம் உண்டு. மூன்றையும் ஒரு மாலையில் செய்துவிடலாம், மூன்றும் வேலையில் கட்டாயம் எதிர்ப்படும்.

முதல் ரகம், அழித்த பிறகும் இடம் திரும்பாதது. ஃபாலோகேட் -எல் 3ஜி /வார்/டிஎம்பி/பெரிசு என்று 3 ஜிபி ஃபைல் ஒன்று உண்டாக்குங்கள். அடுத்து ஸ்லீப் 1000 கமாண்டை அந்த ஃபைலை உள்ளீடாகக் கொடுத்து, ஆம்பர்சண்ட் போட்டுப் பின்னணியில் ஓட விடுங்கள். இப்போது ஆர்எம் கொண்டு ஃபைலை அழியுங்கள். எல்எஸ் பார்த்தால் ஃபைல் இல்லை. டிஎஃப் -எச் பார்த்தால் 3 ஜிபி குறையவே இல்லை. ஆர்எம் அழிப்பது பெயரை மட்டும். எந்த ப்ராசஸாவது திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் டிஸ்கில்தான் இருக்கும். எல்எஸ்ஓஎஃப் +எல்1 அடித்தால், பெயர் போய்விட்டாலும் யார் பிடியில் எவ்வளவு இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஸ்லீப்பைக் கில் செய்ததும் டிஎஃப் சட்டென்று இறங்கும். வேலையில் இது எப்படி வரும் என்றால், சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது பெரிய லாக் ஃபைலை ஆர்எம் செய்திருப்பார்கள். அப்படி அழிப்பதற்குப் பதில் ட்ரன்கேட் -எஸ் 0 கொண்டு காலிசெய்திருந்தால் அப்போதே இடம் கிடைத்திருக்கும். ஏற்கெனவே அழித்தாயிற்றா, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வதே நேர்வழி.

இரண்டாவது, ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்வது. ட்ரன்கேட் கொண்டு 64 எம்பி அளவில் ஒரு ஃபைல் உண்டாக்கி, எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ட்4 கமாண்டில் பெரிய என் ஆப்ஷனுடன் 2000 என்று கொடுத்து ஃபார்மேட் செய்யுங்கள். லூப் ஆப்ஷனோடு மவுண்ட் செய்து, ஒரு ஃபார் லூப்பில் டச் கமாண்டால் வெற்று ஃபைல்களாகக் கொட்டுங்கள். இரண்டாயிரத்தை ஒட்டி ஓரிடத்தில் "டிவைஸில் இடமில்லை" என்று எரர் வரும். டிஎஃப் -எச் பார்த்தால் இடம் கிடக்கிறது. அதே டிஎஃப்புக்கு சிறிய ஐ ஆப்ஷன் கொடுத்தால் 100 சதவீதம். இரண்டு வேறு காரணங்களுக்கும் லினக்ஸின் மையமான கெர்னல் திருப்பித் தருவது ஒரே எரர் எண், 28. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் ஐநோடு எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும், பிறகு அதை மட்டும் கூட்டிக்கொள்ள முடியாது. லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி செஷன் ஃபைல்களையோ கேஷ் ஃபைல்களையோ கொட்டும் வெப் அப்ளிகேஷன்தான் இதன் வழக்கமான குற்றவாளி.

மூன்றாவது ரகம் ஆளைக் குழப்பும். எக்ஸ்ட்4 இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கிறது. 20 ஜிபியில் அது ஏறத்தாழ 1 ஜிபி. சாதாரண யூசரில் ஓடும் சர்வீஸ் எழுத முடியாமல் சாகும். நீங்கள் சூடோ போட்டு, அதாவது ரூட்டாக, ஒரு டெஸ்ட் ஃபைல் எழுதிப் பார்ப்பீர்கள், அழகாக எழுதும். "டிஸ்கில் பிரச்சினை இல்லை" என்று தவறான முடிவுக்கு வருவீர்கள். எந்த யூசருக்குக் கோளாறோ அந்த யூசராகவே சோதிக்க வேண்டும்: சூடோ -யு கொடுத்து அந்தப் பெயரைப் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் டிஸ்குக்கு மட்டுமல்ல, பர்மிஷன் விவகாரம் எல்லாவற்றுக்கும் பயன்படும்.

பர்மிஷனுக்கு வருவோம். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரைப் போட்டு, அது பக்கங்களை எடுக்கும் ரூட் டைரக்டரியை உங்கள் ஹோம் டைரக்டரிக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டருக்குத் திருப்புங்கள். பிரவுசரில் 403 (அனுமதி இல்லை). ஃபைலுக்கு 644, ஃபோல்டருக்கு 755, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. என்ஜின்எக்ஸின் எரர் லாகில் 13 என்ற எண்ணோடு பர்மிஷன் மறுப்பு இருக்கும். நேம்ஐ -எல் கமாண்டுக்கு அந்த ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள்; பாதையில் உள்ள ஒவ்வொரு டைரக்டரியின் பர்மிஷனையும் ஓனரையும் வரிசையாகக் காட்டும். உபுண்டுவில் 21.04 முதல் புதிய ஹோம் டைரக்டரிகள் 750-இல் உருவாகின்றன. ஆக, என்ஜின்எக்ஸ் ஓடும் டபிள்யுடபிள்யுடபிள்யு-டேட்டா யூசர் அந்த வாசலையே தாண்ட முடியாது. உள்ளே என்ன பர்மிஷன் இருந்தால் என்ன? டைரக்டரிக்கு எக்ஸ் பிட் என்பது ஓட்டுவதற்கல்ல, அதன் வழியே கடந்து போவதற்கு.

இந்த இடத்தில் இணையம் முழுக்கக் கிடைக்கும் மருந்து சிஎச்மோட் -ஆர் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும். சோதனை மெஷினில் ஹோம் டைரக்டரிக்கு அதையும் போட்டுப் பாருங்கள், ஒரு பாடம் இருக்கிறது. வெப்சைட் வந்துவிடும், எஸ்எஸ்எச் கீ வைத்து லாகின் செய்வது நின்றுவிடும். ஹோம் டைரக்டரியோ, .எஸ்எஸ்எச் ஃபோல்டரோ, ஆதரைஸ்டு_கீஸ் ஃபைலோ மற்றவர்கள் எழுதும்படி இருந்தால் எஸ்எஸ்எச் சர்வர் அந்தக் கீயை நம்பாது. கிளையன்ட் பக்கம் வெறும் "பர்மிஷன் டினைட்" மட்டும்தான் தெரியும். உண்மைக் காரணம் சர்வர் பக்க லாகில், ஓனர்ஷிப் அல்லது மோட் சரியில்லை என்று இருக்கும். கோளாறைப் பார்க்க வேண்டிய பக்கம் எது என்பதே பாதி வேலை. ஃபோல்டருக்கு 700, கீ ஃபைலுக்கு 600, ஹோமுக்குப் பழைய 750 திருப்பிக் கொடுத்ததும் சரியாகும்.

எஸ்எஸ்எச் கான்ஃபிக்கைத் திருத்தும்போது இரண்டு காப்பு: எஸ்எஸ்எச்டி -டி கொடுத்து ஃபைல் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரீஸ்டார்ட், புதிய ஜன்னலில் லாகின் ஆகும்வரை பழைய ஜன்னலை மூடக் கூடாது. உபுண்டு 22.10 முதல் போர்ட்டைத் திறந்து வைத்திருப்பது எஸ்எஸ்எச்.சாக்கெட் என்ற யூனிட் (சிஸ்டம்டி நிர்வகிக்கும் ஓர் அலகு). அங்கே போர்ட் எண்ணை மாற்றினால் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் செய்து அந்த சாக்கெட்டையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றுகிறவர்கள் இங்கே தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

அடுத்து சொந்தமாக ஒரு சர்வீஸ். பைத்தான்3-இன் எச்டிடிபி.சர்வர் மாட்யூலை 8080 போர்ட்டில் ஓட்டும் ஒரு யூனிட் ஃபைலை /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் டைரக்டரியில் எழுதுங்கள்; யூசர், வொர்க்கிங்டைரக்டரி, ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் மூன்றும் இருக்கட்டும். ஓடுகிறதா, இனி ஒவ்வொன்றாகக் கெடுங்கள். ப்ரோகிராம் பாதையைத் தப்பாகக் கொடுத்தால் ஸ்டேட்டஸில் 203/எக்ஸெக். டைரக்டரி இல்லையென்றால் 200/சிஎச்டைர். யூசர் பெயர் தப்பென்றால் 217/யூசர். இந்த மூன்றில் எந்த எண் வந்தாலும் உங்கள் ப்ரோகிராம் தொடங்கவே இல்லை, சிஸ்டம்டி அதுவரை போகவே முடியவில்லை என்று பொருள். ப்ரோகிராமின் கோடைத் துருவுவது வீண்வேலை. மாறாக, அந்த போர்ட்டில் வேறொன்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் சர்வீஸ் 1 என்ற எண்ணோடு சாகும், ஜர்னலில் (சிஸ்டம்டி சேர்த்துவைக்கும் லாக்) பைத்தான் எரரும் அதில் 98 என்ற எண்ணும் இருக்கும். ஷெல் வழியாக 137 என்று வந்தால் 128 கூட்டல் 9 (சிஸ்டம்டி நேராக 9/கில் என்று காட்டும்), அதாவது யாரோ அல்லது எதுவோ கில் -9 கொடுத்திருக்கிறது; கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஸேஜில் ஓஓஎம் என்று தேடுங்கள், ரேம் தீர்ந்து கெர்னலே கொன்றிருக்கலாம்.

ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் இருப்பதால் இன்னொன்றும் தெரியும். செத்ததும் 100 மில்லிவிநாடியில் மறுபடி எழுப்பும், 10 விநாடிக்குள் ஐந்து முறை எழுப்பியும் பலனில்லையென்றால் கைவிட்டுவிடும். லாகின் கடைசி வரியில் "ஸ்டார்ட் வேண்டுகோள் அதிவேகமாகத் திரும்பத் திரும்ப வந்தது" என்ற பொருளில் ஒரு செய்தி கிடக்கும். புதியவர்கள் அதை அப்படியே காப்பி செய்து தேடுகிறார்கள். அது விளைவு, காரணம் நான்கு முறை சாவுக்கு முன்னால், மேலே இருக்கிறது. ஜர்னல்சிடிஎல் -யு சர்வீஸ்பெயர் -பி கொடுத்து மேலிருந்து படிக்க வேண்டும். இன்னும் நல்லது, ஒரு ஜன்னலில் -எஃப் போட்டு லாகை ஓடவிட்டு, மறு ஜன்னலில் கோளாறை மறுபடி உண்டாக்குவது.

203-க்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்து போட்டால், ஃபைல் கண்ணெதிரே இருக்கும்போதே "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று வரும். முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டியிருப்பதால், கெர்னல் பாஷ் என்பதைத் தேடாமல் பாஷோடு அந்த எழுத்தும் சேர்ந்த பெயரைத் தேடுகிறது. ஃபைல் என்ற கமாண்டில் போட்டால் சிஆர்எல்எஃப் என்று காட்டிக்கொடுக்கும். டாஸ்2யுனிக்ஸ் ஓட்டினால் தீர்ந்தது. அதோடு, எக்ஸெக்ஸ்டார்ட் வரி ஷெல் வழியாகப் போவதில்லை. பைப், ரீடைரக்ஷன், இரட்டை ஆம்பர்சண்ட் எதுவும் அங்கே எடுபடாது.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் கிரானில் ஸ்கிரிப்ட் ஓடவில்லை, கையால் அடித்தால் ஓடுகிறது என்ற புகாருக்குப் பதில் பெரும்பாலும் இரண்டுதான். கிரானின் பாத் (கமாண்டுகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியல்) மிகச் சிறியது, ஆகவே முழுப் பாதை கொடுங்கள். கிரான்டேபில் சதவீதக் குறி புதிய வரியாகக் கருதப்படும், ஆகவே டேட் கமாண்டில் அதற்கு முன் பேக்ஸ்லாஷ் போடுங்கள்.

நெட்வொர்க்கைக் கீழிருந்து மேலாகச் சோதிக்க வேண்டும்: கேபிள் அல்லது லிங்க், ஐபி முகவரி, ரூட் (பாக்கெட் போகும் வழி), பெயர், போர்ட், அப்ளிகேஷன். கன்சோலிலிருந்து ஒவ்வோர் அடுக்காக உடையுங்கள். ஐபி ரூட் டெல் டிஃபால்ட் அடித்தால் பக்கத்து மெஷினுக்கு பிங் போகும், வெளியே "நெட்வொர்க்கை எட்ட முடியவில்லை". ரிசால்வ்.கான்ஃப்பில் இல்லாத முகவரியைப் போட்டால் எண் வடிவ முகவரிக்கு பிங் போகும், பெயருக்குப் போகாது. /இடிசி/ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வெப்சைட்டுக்குத் தப்பான முகவரி எழுதிவைத்துப் பாருங்கள்: டெபியனில் டிக் சரியான விடை சொல்லும், வெப் பக்கத்தைக் கேட்கும் கர்ல் தப்பான இடத்துக்குப் போகும் (உபுண்டுவில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் படிப்பதால் டிக்கும் தப்பான விடையே சொல்லலாம்). டிக் நேராக, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது, தானாக ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ப்ரோகிராம்கள் பார்க்கும் விடையைப் பார்க்க வேண்டுமென்றால் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்தான் கமாண்ட்.

போர்ட் அடுக்கில் இரண்டு எரர்களின் வித்தியாசம் மனதில் பதிய வேண்டும். "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" (111) என்றால் பாக்கெட் மறுமுனைக்குப் போய், "இங்கே கேட்பார் யாருமில்லை" என்று பதிலும் வந்துவிட்டது. பாதை நன்றாக இருக்கிறது, சர்வீஸைப் பாருங்கள். "டைம்அவுட்" (110) என்றால் பதிலே இல்லை; ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம், போகும் வழி தப்பாக இருக்கலாம். யுஎஃப்டபிள்யு என்ற ஃபயர்வாலில் ஒரே போர்ட்டுக்கு முதலில் டினை, பிறகு ரிஜெக்ட் போட்டு, இரண்டாவது மெஷினிலிருந்து கர்ல் -வி அடித்தால் வித்தியாசம் நேரிலேயே தெரியும்: ஒன்று தொங்கும், மற்றது உடனே திரும்பும். உள்ளிருந்து சர்வீஸ் வருகிறது, வெளியிலிருந்து ரெஃப்யூஸ்டு என்றால் எஸ்எஸ் -டிஎல்என்பி பாருங்கள், 127.0.0.1-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், 0.0.0.0 ஆகவோ அந்த மெஷினின் முகவரியாகவோ மாற்ற வேண்டும்.

இணைப்பு கிடைத்த பிறகு பெரிய டேட்டா போகும்போது மட்டும் தொங்கினால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மீது சந்தேகம். பிங்கில் துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு (-எம் டூ) 1472 பைட் அனுப்புங்கள். ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்ந்து சரியாக 1500. அது போகாமல் குறைந்த அளவு போனால் வழியில் எங்கோ குறுகல். விபிஎன் வழியாகப் போகும்போது இது அடிக்கடி வரும்.

இவ்வளவும் ஆன பிறகுதான் ப்ராஜெக்ட். பட்டியல் நீளமாக வேண்டாம், இரண்டு போதும்.

ஒன்று, அந்த இரண்டு 2 ஜிபி டிஸ்குகளை எம்டிஅட்ம் கொண்டு ரெய்டு 1 (இரண்டு டிஸ்கிலும் ஒரே டேட்டா) ஆக்கி, மேலே எக்ஸ்ட்4 போட்டு /டேட்டாவில் மவுண்ட் செய்வது. ஃபைல்கள் போட்டபின் ஒரு டிஸ்கை --ஃபெயில் செய்து, --ரிமூவ் செய்து, /ப்ராக்/எம்டிஸ்டாட் பாருங்கள். படிப்பும் எழுத்தும் நிற்காது. திரும்ப --ஆட் செய்தால் மறுகட்டுமானம் சதவீதக் கணக்கில் ஓடுவதைக் காணலாம். ரெய்டு உருவாக்கிய கையோடு அதன் விவரத்தை எம்டிஅட்ம்.கான்ஃப்பில் சேர்த்து அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு ஓட்டாவிட்டால், ரீபூட்டுக்குப் பின் எம்டி0 என்ற பெயர் எம்டி127 ஆகிவிடும். எஃப்எஸ்டேப்பில் டிவைஸ் பெயரை எழுதியிருந்தால் பூட் நிற்கும். முதல் உடைப்பில் பார்த்த அதே 90 விநாடி, இம்முறை வேறு காரணம். ஆகவே எப்போதும் யுயுஐடி.

அந்த /டேட்டாவை இரண்டாவது மெஷினுக்கு ஆர்சிங்க் கொண்டு தினமும் பேக்கப் எடுக்க ஒரு சிஸ்டம்டி டைமர் எழுதுங்கள். மூலப் பாதையின் கடைசியில் ஸ்லாஷ் இருந்தால் உள்ளடக்கம் மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும். --டிலீட் ஆப்ஷனில் பெரிய ஆபத்து உண்டு: /டேட்டா மவுண்ட் ஆகாத நாளில் மூலம் வெறுமையாகத் தெரியும், ஆர்சிங்க் விசுவாசமாக பேக்கப்பையும் வெறுமையாக்கிவிடும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே மவுண்ட்பாயின்ட் -க்யு சோதனை போட்டு, தோற்றால் வெளியேறச் சொல்லுங்கள். பேக்கப்பிலிருந்து ஒரு முறையாவது ரீஸ்டோர் செய்து பார்க்காதவரை அதை பேக்கப் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது ப்ராஜெக்ட், நீங்கள் எழுதிய பைத்தான் சர்வீஸுக்கு முன்னால் என்ஜின்எக்ஸை ரிவர்ஸ் ப்ராக்ஸியாக (கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் அனுப்புவது) நிறுத்துவது. பின்னால் இருப்பதை நிறுத்தினால் 502, என்ஜின்எக்ஸ் லாகில் 111. பதில் தர 60 விநாடிக்கு மேல் தூங்கும்படி செய்தால் 504, அது ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட்டின் இயல்பு அளவு. இரண்டு அடுக்கிலும் லாகை அருகருகே வைத்துப் படிக்கப் பழகுவதற்கு இதைவிட எளிய அமைப்பு கிடையாது.

லாகும் பேசாத ப்ரோகிராம்கள் உண்டு. அப்போது, ப்ரோகிராம் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்டிரேஸ் -எஃப் போட்டு, ஃபைல் தொடர்பான அழைப்புகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எந்தப் பாதையில் கான்ஃபிக் தேடியது, எங்கே இல்லை (2), எங்கே அனுமதி மறுப்பு (13) என்று எல்லாம் வெளியே வந்துவிடும். வெளியீடு மலைபோல் இருக்கும். சாவதற்குச் சற்று முந்திய வரிகளிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். 2 என்று வந்ததெல்லாம் குற்றமல்ல, ப்ரோகிராம்கள் பல இடங்களில் தேடித்தான் ஒன்றைக் கண்டுபிடிக்கும்.

இணையத்திலிருந்தோ ஏஐயிடமிருந்தோ கிடைக்கும் கமாண்டை அடிக்கும் முன், ஒவ்வோர் ஆப்ஷனையும் மேன் பக்கத்தில் ஒரு முறை பாருங்கள். இல்லாத ஆப்ஷன்கள் நம்பிக்கையோடு சொல்லப்படுவது சகஜம். கான்ஃபிக் ஃபைலின் வடிவம் வேண்டுமென்றால் 5-ஆம் பிரிவு: மேன் 5 கிரான்டேப் என்று அடித்தால் கமாண்டைப் பற்றியல்ல, ஃபைலைப் பற்றிச் சொல்லும்.

காரணம் தெரிந்த உடைப்புகள் கைவந்ததும் காரணம் தெரியாதவற்றுக்குப் போங்கள். மேலே சொன்னவற்றில் பத்தை ஒரு பாஷ் ஸ்கிரிப்டில் பத்து ஃபங்ஷன்களாக எழுதி, ஷஃப் கமாண்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓட்டும்படி செய்யுங்கள். எது ஓடியது என்று திரையில் காட்டக் கூடாது. பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவரையே உடைக்கச் சொல்வது இன்னும் நல்லது, நீங்கள் நினைத்தே பார்க்காத இடத்தில் கைவைப்பார். 40 நிமிடம் ஒதுக்குங்கள். ஷெல் ஹிஸ்டரியையும் ஸ்கிரிப்டையும் பார்க்கக் கூடாது. ஃபைண்ட் /இடிசி -எம்மின் -60 போட்டு, கடந்த ஒரு மணி நேரத்தில் மாறிய ஃபைல்களைப் பார்க்கலாம். அது ஏமாற்று அல்ல. "நேற்றுவரை ஓடியது, நாங்கள் எதையும் தொடவில்லை" என்ற புகாரோடு வரும் நிஜ சர்வரிலும் முதல் கேள்வி அதுதான், எது மாறியது என்பது. அங்கே /வார்/லாக்/ஏபிடி/ஹிஸ்டரி.லாக் ஃபைலையும் சேர்த்துப் பாருங்கள். யாரும் தொடாமலே இரவில் தானாக அப்டேட் ஆன பேக்கேஜ்கள் நேரத்தோடு அதில் இருக்கும்.